காதைக் காப்பது குளிசையா?

"வாப்பா, பசிக்குது" என்றேன். "படி மகள், நல்லாப் படி" என்றார் வாப்பா. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். அன்று சிரித்ததை நினைத்து இன்று வெட்கப்படுகிறேன்.

எனது வாப்பா மின்தறிக் கூடமொன்றில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்கிறார். சென்ற விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வந்த மாமா, ஜின்செங் என்ற வேரில் செய்த குளிசைப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். "மச்சான், இதைப் போட்டா சத்தத்தால காது பழுதாகாதாம்" என்றார். உம்மாவுக்கு அளவற்ற மகிழ்ச்சி. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கோ, அது உண்மைதானா என்று தேடிப் பார்க்கத் தோன்றியது.

நமது உட்செவியிலுள்ள நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. அவை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெருஞ்சத்தம் அவற்றை அளவுக்கு மீறி உழைக்க வைக்கிறது. அப்போது உண்டாகும் சுயாதீன மூலிகங்கள் கலங்களைச் சிதைக்கின்றன. உயர் மீடிறன் ஒலிகளை உணரும் பகுதிதான் முதலில் பாதிக்கப்படும். அதனால் 'அ', 'இ' போன்ற உயிரொலிகள் கேட்கும், 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். வாப்பாவுக்கு என் குரல் கேட்டது. என் பசிதான் கேட்கவில்லை.

தாவரங்களிலுள்ள ஒட்சியேற்ற எதிரிகள் இந்தச் சிதைவைத் தடுக்கலாம் என்பது வெறுங்கதையல்ல. ஈரானில் நெசவாலை ஆண் தொழிலாளர் 48 பேரிடம் செய்த ஆய்வொன்று 2014இல் வெளியானது. ஒரு குழுவினருக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் ஜின்செங் கொடுத்தார்கள். இன்னொரு குழுவினருக்கு என்-அசற்றைல் சிஸ்டீன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவினருக்கு எதுவும் கொடுக்கவில்லை. வேலை முடிந்ததும் ஏற்படும் தற்காலிகக் கேள்திறன் குறைவு, முதலிரு குழுக்களிலும் குறைந்திருந்தது. ஜின்செங்கை விட மற்ற மருந்தே கூடுதலாக உதவியது.

நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வு நடந்தது 14 நாட்கள். வாப்பா தறியருகே நிற்பது இருபத்திரண்டு வருடங்கள். அதில் அளந்தது தற்காலிகக் குறைவை. வாப்பா இழந்ததோ நிரந்தரமாக. அத்துடன் அவருக்குச் சீனி வருத்தமும் உண்டு. ஜின்செங் இரத்தத்திலுள்ள சீனியைக் குறைக்கக்கூடியது. வைத்தியரிடம் கேட்காமல் அதைக் கொடுப்பது ஆபத்து.

"காதடைப்பான் போட்டால் வியர்க்கிறது, பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, குளிசை என்றால் தண்ணீரோடு விழுங்கிவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சிரமத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் குளிசையை விழுங்குவதால் தறியின் சத்தம் ஒரு டெசிபெல்கூடக் குறைவதில்லை. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணித்தியாலம்தான், 100இல் வெறும் பதினைந்து நிமிடம்.

எனவே முதலில் அமைதியாக வேண்டியது இயந்திரம். தேய்ந்த பாகங்களை மாற்றலாம், எண்ணெய் இடலாம், அதிர்வைத் தாங்க அடியில் இறப்பர் விரிப்பு வைக்கலாம். தொழிலாளர்களை முறைமாற்றிச் சத்தமில்லாத இடத்தில் ஓய்வெடுக்க விடலாம். காதடைப்பானைக் கொடுத்து, அதைச் சரியாக அணியவும் பழக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை கேள்திறனைப் பரிசோதிக்கலாம். நமது நாட்டின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், தொழிலாளரின் பாதுகாப்பு, சுகாதாரக் கடமைகளைத் தொழிற்சாலையை நடத்துபவர் மீதே வைக்கிறது. குளிசையோ அந்தக் கடமையைச் சத்தமில்லாமல் தொழிலாளியின் சட்டைப்பைக்கு மாற்றிவிடுகிறது. அதையும் அவர் தன் கூலியிலேயே வாங்க வேண்டும்!

ஆய்வுகள் தொடரட்டும். நாளை ஒரு மூலிகை உண்மையிலேயே உதவுமென்று உறுதியானால், அது காதடைப்பானுக்குத் துணையாக வரட்டும். அதன் இடத்தில் வந்து உட்கார வேண்டாம்.

செவி அல்லாஹ் தந்த அமானிதம். வாப்பா இழந்ததை நான் படிக்கும் எந்தப் பாடமும் திருப்பித் தராது. ஆனால் அவருக்கு அடுத்த தறியில் இப்போது பத்தொன்பது வயது நானா ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவருக்கு இன்னும் எல்லாம் கேட்கிறது. போன வாரம் வாப்பா தனக்கு வாங்கிய காதடைப்பானில் ஒரு சோடியை அவருக்குக் கொடுத்தாராம். அதைக் கொடுத்திருக்க வேண்டியவர் வாப்பா அல்ல. ஆலை அரவை, தச்சு, தையல் என்று சத்தத்துக்குள் உழைப்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். இன்றிரவு அவர்களிடம் மெதுவாக ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். தவறாக விளங்கிக்கொண்டால், தயவுசெய்து சிரிக்காதீர்கள்.