ஆடியவருக்கும் ஓட்டு வேண்டும்!

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டால்தான் திராட்சைக் கொடி படரும், காய்க்கும். விளையாடும் பிள்ளைகளும் அப்படித்தான். திறமை கொடி என்றால், விளையாட்டுச் சங்கம் பந்தல்!

இந்தப் பந்தலைப் போட முன்வந்தார், ஒரு கால்பந்து வீரர். பெயர் பாய்ச்சுங் பூட்டியா. மலை நாடான சிக்கிமில், டிங்கிடாம் என்ற சிற்றூரில் 1976-ல் பிறந்தவர். விவசாயி மகன். 1993-ல் கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். இந்திய அணிக்கே தலைவர் ஆனார்!

2011-ல் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். சும்மா இருந்தாரா? இல்லை! சிறுவர்களுக்குக் கால்பந்துப் பள்ளிகள் நடத்தினார். சிக்கிமில் ஓர் அணியைக் கூட்டாக நடத்தினார்.

2022-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தலைவர் தேர்தலில் நின்றார். கிடைத்தது ஒரே ஓட்டு! எதிர்த்து நின்ற கல்யாண் சௌபேக்கு 33 ஓட்டு. அவரும் முன்னாள் கோல் கீப்பர்தான்.

வென்றவர் யார் என்பதல்ல கேள்வி. ஓட்டுப் போட்டவர் யார்? மாநிலச் சங்கப் பிரதிநிதிகள் மட்டுமே. ஆடி ஓய்ந்த வீரர்களுக்கு என்று அன்று ஓட்டு இல்லை. இது நியாயமா?

2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசியச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் சிறந்த வீரர்கள் 2 பேராவது இருக்கவேண்டும் என்கிறது. நல்ல காரியம்!

இந்த நியாயம் டில்லியோடு நின்றுவிடக்கூடாது. தேனி, போடி, கம்பம் என ஊர்ச் சங்கங்கள் வரை வரவேண்டும். வியர்வை சிந்தி ஆடியவர் கையிலும் ஓட்டுச் சீட்டு வேண்டும்!