பில்லைக் கட்டுமுன் மீற்றரைப் பாருங்கள்



யுத்தத்தில் கணவரை இழந்து, இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அக்காவுக்கு, வழமையைவிட மூன்று மடங்கு மின்சார பில் வந்தது. கட்டாவிட்டால் லைனை வெட்டிவிடுவார்களென்று தோட்டை அடகு வைக்கப் புறப்பட்டார். இருவருமாகப் போய் மீற்றரைப் பார்த்தோம். பில்லில் இருந்த வாசிப்பு மீற்றரில் இருந்ததைவிடக் கூட! எழுதிக் கொடுத்த பின் பில் திருத்தப்பட்டது.

அலகுகள் கூடக்கூட அலகொன்றின் விலையும் கூடுவதால், வாசிப்பில் வரும் பிழை பெருந்தொகையாகிவிடும். ஆகவே மாதாமாதம் மீற்றர் இலக்கத்தைத் திகதியுடன் குறித்து வையுங்கள். பிழையென்றால் கணக்கு இலக்கத்துடன் மின்சாரக் காரியாலயத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். அங்கே தீராவிட்டால், 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

பில் கணவரின் பெயரில் வந்தாலும் காசு கட்டுவது நாங்கள்தானே? கணக்குக் கேட்க வேண்டியவர்களும் நாங்களே.