மூட்டுக்கு ஒரு ட்ரயல் பாலன்ஸ்

மாடிப்படி ஏறுவது கஷ்டமா, இறங்குவது கஷ்டமா? அறுபதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் 'இறங்கறதுதான்' என்பார்கள். வீட்டு இளசுகள், 'எல்லாம் சாக்கு' என்று சிரிக்கும்.

பெரியவர்கள் கட்சிக்குத்தான் ஜெயம். சாட்சி பெர்லினில் இருக்கிறது. அங்கே ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், செயற்கை முழங்கால் மூட்டுக்குள்ளேயே விசையை அளந்து ஒலிபரப்பும் குட்டிக் கருவியை வைத்தார்கள். ஐந்து நோயாளிகள். அவர்கள் நடக்க நடக்க, மூட்டே கணக்கு ஒப்பித்தது. 2010-ல் வெளியான முடிவு இது: சமதரையில் நடந்தால் ஒரு முழங்காலில் விழும் சுமை, உடல் எடையைப் போல 2.6 மடங்கு. படி ஏறினால் 3.2 மடங்கு. இறங்கினால் 3.5!

அதாவது, அறுபது கிலோ ஆசாமி இறங்கும்போது ஒரு மூட்டில் 200 கிலோவுக்கு மேல். நூறு கிலோ அரிசி மூட்டை இரண்டு! எடை மட்டும் காரணமில்லை. நாம் விழாமலிருக்கத் தசைகள் இழுக்கிற இழுப்பும் மூட்டின் தலையில்தான் விடிகிறது.

எதிர் ஃபிளாட் மாமியிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு பெர்லின் வரைக்கும் போகணுமா? என் முட்டியைக் கேட்டா சொல்லுமே" என்றார்.

மாமி முட்டி சொல்லும். ஆனால் நம்பர் சொல்லாதே! சொந்த மூட்டுக்குள் கருவி வைக்கவும் முடியாது. அங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. எலும்பு, குருத்தெலும்பு, தசைநார், நடுவே பிறை வடிவ மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸ் என்று எல்லாவற்றையும் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் கட்டுகிறார்கள். பிறகு ஆயிரக்கணக்கான குட்டித் துண்டுகளாகக் கூறு போடுகிறார்கள். ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பெயர். விமானத்துக்கும் பாலத்துக்கும் போடுகிற அதே கணக்கு.

பி.காம். படித்த எனக்கு இதில் ஒரு இடம் ரொம்பப் பழக்கமானது. துண்டுகள் சேரும் ஒவ்வொரு முனையிலும் விசைகள் 'டாலி' ஆகவேண்டும். ஆகாவிட்டால் முனைகளைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி முதலிலிருந்து கணக்கு. மார்ச் 31 ராத்திரி ஆடிட்டர் ஆபீஸில் நடப்பதேதான். ஒரே வித்தியாசம், இங்கே 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' போட்டுத் தப்பிக்க முடியாது.

'இதனால் என்ன லாபம்?' என்பீர்கள். ஒரு காலத்தில் மெனிஸ்கஸை ஒன்றுக்கும் உதவாத மிச்சம் என்று நினைத்தார்கள். கிழிந்தால் முழுசாக வெட்டி எடுத்துவிடுவார்கள். 1948-ல் ஃபேர்பேங்க் என்ற டாக்டர், அப்படி வெட்டிய முழங்கால்களின் எக்ஸ்-ரேக்களைப் பார்த்து, எலும்புகளின் இடைவெளி குறுகுவதை எழுதினார். மெத்தை போனால் சுமை சின்ன இடத்தில் குவிகிறது, குருத்தெலும்பு தேய்கிறது. இந்தப் பாடத்துக்கு ஃபீஸ் கட்டியவர்கள் நோயாளிகள். கம்ப்யூட்டரில் வெட்டிப் பார்க்கலாம், தப்பென்றால் ஒட்டிவிடலாம்.

அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக்கின் அஹ்மத் எர்தெமிர் குழு, 'ஓப்பன் நீ' என்று இப்படி ஒரு முழங்காலைச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாகக் கொடுத்துவிட்டது. முதல் முழங்கால் யாருடையது தெரியுமோ? உடல் தானம் செய்த 70 வயதுப் பெண்மணியுடையது. எடை 77 கிலோ. பெயர் கிடையாது. நாடு நாடாகக் கம்ப்யூட்டர்களுக்குள் அந்தம்மாவின் முழங்கால் மடங்கி நிமிர்கிறது. வெட்டுகிறார்கள், ஒட்டுகிறார்கள். அவருக்கு வலிக்காது, பின்னால் வரப்போகிற யாருக்கோ வலி குறையலாம்.

ஆனால் ஒன்று. அது அந்தம்மாவின் மூட்டு, உங்கள் அம்மாவின் மூட்டு அல்ல. தசைநாரின் விறைப்பும் குருத்தெலும்பின் கனமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் கணக்கை அடுத்தவர் லெட்ஜரில் எழுத முடியாது. அதனால்தான் அதே குழு பிற்பாடு இன்னும் பலருடைய முழங்கால்களையும் சேர்க்க ஆரம்பித்தது.

அது வரைக்கும் நம்மால் ஆனது ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கும்போது, பின்னாலிருந்து 'சீக்கிரம்' என்று சொல்லாதீர்கள். அவர் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார்.