தண்ணீருக்கும் எடை உண்டு!

சின்ன வண்டி. "குட்டியானை" என்று செல்லப் பெயர். அதன் முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கார் கழுவுகிறவர், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், கட்டட வேலை செய்கிறவர், தண்ணீர் விற்கிறவர் என்று பலருக்கு இந்த வண்டிதான் சோறு போடுகிறது.

அரிசி மூட்டையை எண்ணி ஏற்றுகிறார்கள். செங்கல்லையும் எண்ணி ஏற்றுகிறார்கள். தண்ணீரை மட்டும் குழாயைத் திறந்து நிரப்பிவிடுகிறார்கள். "தண்ணீர்தானே!" என்ற நினைப்பு. ஆபத்து அந்த நினைப்பில்தான் இருக்கிறது.

20 மூட்டை அரிசி

1 லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் 1,000 கிலோ. அதாவது, ஒரு டன். 50 கிலோ அரிசி மூட்டைகள் 20 ஏற்றியதற்குச் சமம்!

சின்ன வண்டி தாங்குமா? 2005-ல் விற்பனைக்கு வந்த முதல் டாட்டா ஏஸ் வண்டியின் சுமை அளவு சுமார் முக்கால் டன்தான்.

ஆகவே, தொட்டி வாங்கக் கடைக்குப் போகும் முன்பு வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பாரத்தோடு வண்டி இருக்கக்கூடிய மொத்த எடை அதில் இருக்கும். வெறும் வண்டியின் எடையும் இருக்கும். முன்னதில் இருந்து பின்னதைக் கழித்தால், ஏற்றக்கூடிய எடை கிடைக்கும்.

மிஞ்சுவது 750 கிலோ என்றால், அத்தனையும் தண்ணீருக்கு அல்ல. டிரைவரும் உதவியாளும் 130 கிலோ. பம்பு, குழாய், சாமான்கள் 70 கிலோ. வெறும் தொட்டியும் இரும்புச் சட்டமும் 50 கிலோ. ஆக 250 கிலோ போய்விட்டது. மிச்சம் 500. அந்த வண்டிக்கு 500 லிட்டர் தொட்டிதான் பொருத்தம். "1,000 லிட்டர் தொட்டி வாங்கி, பாதி நிரப்பிக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். அது இன்னும் மோசம்!

அரைக்குடம் ஆடும்

நிறைகுடம் தளும்பாது என்பது பழமொழி. இடுப்பில் குடம் சுமந்த பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். வண்டிக்கும் அதே கதைதான்.

அரைத் தொட்டித் தண்ணீருக்கு ஆட இடம் இருக்கிறது. டிரைவர் பிரேக் போட்டால் வண்டி நிற்கப் பார்க்கும். தண்ணீர் நிற்காது. அலையாக முன்னே வந்து மோதும். வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் பாயும். தொட்டி உயரமாக இருந்தால் வண்டி கவிழவும் கூடும்.

இதற்கு வழி இருக்கிறது. உயரம் குறைந்த, அகலமான தொட்டியை வாங்க வேண்டும். உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் இருக்க வேண்டும். தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாக மெல்ல மெல்லத்தான் போகும். அலை அடங்கிவிடும்.

வீட்டு மாடியில் வைக்கும் தொட்டி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதற்காகச் செய்தது. ஓடுகிற வண்டிக்குச் செய்தது அல்ல.

கயிறு போதாது

500 கிலோ பாரம் உள்ள தொட்டி, பலமாகப் பிரேக் போடும்போது ஏறக்குறைய 400 கிலோ விசையோடு முன்னே தள்ளும். வண்டி எதிலாவது மோதினால், அது பல மடங்காகும். தொட்டிக்கு முன்னால் இருப்பது ஒரு தகடு. தகட்டுக்கு முன்னால் டிரைவரின் முதுகு!

கயிறு இதைத் தாங்காது. தொட்டியை இரும்புச் சட்டத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். அந்தச் சட்டத்தை வண்டியின் சேசிஸ் வரை போல்ட் போட்டு முடுக்க வேண்டும். தரைத் தகட்டில் மட்டும் முடுக்கினால் தகடு கிழிந்துவிடும்.

பாரம் பின் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் போனால் முன் சக்கரம் இலேசாகிவிடும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. மூடியில் காற்றுத் துளையும் வேண்டும். இல்லாவிட்டால் பம்பு தண்ணீரை இழுக்கும்போது தொட்டி ஒடுங்கும்.

யார் பொறுப்பு?

"சின்னத் தொட்டி வைத்தால் இரண்டு நடை போக வேண்டும். டீசல் செலவாகுமே!" என்பார் முதலாளி. நியாயமான கவலைதான். ஆனால் அதிக பாரத்தால் டயர் தேயும், பிரேக் தேயும், பட்டை உடையும். அந்தச் செலவும் அவருடையதுதான். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2 ஆயிரம் ரூபாய்.

தொட்டியின் அளவை முடிவு செய்கிறவர் முதலாளி. உயிரைப் பணயம் வைக்கிறவர் டிரைவர். சம்பளத்துக்கு வந்தவர் "முடியாது" என்று சொல்வது சுலபம் அல்ல. ஆகவே பொறுப்பு முதலாளிக்கே. அளவுக்கு மீறிய தொட்டியைப் பொருத்தித் தர பட்டறைக்காரர்களும் மறுக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம். வேலைக்குக் கிளம்பும் கணவரிடமோ, மகனிடமோ இரண்டு கேள்வி கேட்கலாம். "தொட்டி எத்தனை லிட்டர்? எதில் முடுக்கியிருக்கிறது?" பதில் சரியாக இல்லை என்றால், அன்றைக்கே முதலாளியிடம் பேசச் சொல்ல வேண்டும். ஒரு நடைக் காசு போனால் நாளைக்குச் சம்பாதிக்கலாம். ஆள் போனால் வருமா?