மலைக்கு உரியவர்

ஒருவருக்கு உரியதை அவரிடமே ஒப்படைத்துவிட்டு, அதனை ஈகை என்று கூறலாமா? பழங்குடி மக்களின் நிலவுரிமை குறித்துப் பேசும்பொழுதெல்லாம் நாம் எழுப்பவேண்டிய வினா இது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்த காடுகளை ஆங்கிலேய அரசு சட்டங்கள் இயற்றித் தன் உடைமையாக்கிக்கொண்டது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அந்நிலை தொடர்ந்தது. தம் முன்னோர் திருத்திய நிலத்திலேயே அம்மக்கள் ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டனர்.

இந்நிலையை மாற்றவே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. காடுவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை அதன் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது. அவர்கள் பயிரிட்டுவரும் நிலத்தில் 4 எக்டேர் வரை உரிமை பெறலாம், அதனைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம், விற்க இயலாது. ஊரார் பொதுவாகக் காட்டைப் பயன்படுத்தவும் காக்கவும் உரிமை உண்டு. இச்சட்டம் எதனையும் புதிதாக வழங்கவில்லை. முன்பே இருந்த உரிமையை ஏற்று உறுதிசெய்கிறது.

அந்த ஏற்பின் வலிமையை ஒடிசாவின் நியமகிரி மலை உணர்த்தியது. அங்கு வாழும் டோங்ரியா கோந்த் மக்கள், மலையுச்சியை நியமராஜா என்னும் தம் தெய்வத்தின் உறைவிடமாகப் போற்றுகின்றனர். அவ்வுச்சியில் பாக்சைட் தாது வெட்டியெடுக்கத் திட்டமிடப்பட்டது. வழக்கை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், கிராம சபைகளின் கருத்தைக் கேட்கவேண்டும் என 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டா என்றன. அடுத்த ஆண்டு மைய அரசு திட்டத்துக்கு இசைவு மறுத்தது.

மக்களுக்கு உரிமை அளித்தால் காடு அழியும் என அஞ்சுவோர் உளர். காட்டைக் காப்பதில் அக்கறை கொண்டோரின் அச்சம் அது, புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், நியமகிரியின் உச்சியைக் காத்தது அங்கு வாழ்வோரின் மறுப்பே. உரிமையோடு காக்கும் கடமையையும் சட்டம் அவர்களிடம் ஒப்படைத்துள்ளது.

ஆயினும், உரிமை கோரிய பலரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. அவ்வாறு மறுக்கப்பட்டோரை வெளியேற்றுமாறு 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அம்மாத இறுதியிலேயே அவ்வாணையை நிறுத்திவைத்து, நிராகரிப்பில் உரிய நடைமுறை பின்பற்றப்பட்டதா என மாநிலங்களிடம் விளக்கம் கேட்டது. ஏட்டில் எழுதப்படாத வாழ்வுக்கு ஏட்டுச்சான்று மட்டுமே கேட்பது முறையாகாது. ஊர் முதியோரின் வாக்குமூலம், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவற்றையும் சான்றாகக் கொள்ளச் சட்டத்தின் விதிகள் இடமளிக்கின்றன. அவ்விதிகளை மனத்திற்கொண்டு கோரிக்கைகளை ஆராய்வதே அலுவலரின் கடமையாகும்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டது தமிழ் மரபு. தெய்வமும் தொழிலும் உணவும் கருப்பொருளாக அந்நிலத்தைச் சார்ந்தே அமைகின்றன. இதனைக் கற்ற நமக்கு, மலையை இழப்பவர் மண்ணை மட்டும் இழப்பதில்லை என்பது எளிதில் விளங்கும். அம்மலைக்கு உரியவரைக் கேளாமல் அதன் எதிர்காலத்தை முடிவுசெய்தல் அறமன்று.