தூக்குக் கயிறு கடல் தாண்டாது



பிள்ளை 'ஐஸ்' போதைப்பொருள் பழகிவிட்டான் என்று கலங்கி எழுதும் பெற்றோரின் கடிதங்கள் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் வந்தபடியே இருக்கின்றன. "விற்கிறவனைத் தூக்கில் போடவேண்டும்" என்றுதான் அவற்றில் பல முடிகின்றன. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் தூக்கு என்ற பேச்சே பெரிய முதலாளிகளைக் காப்பாற்றுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

போதைப்பொருள் குற்றவாளிகளின் மரண தண்டனை ஆணையில் கையெழுத்திடத் தயார் என்று 2018 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தது நம் கண்டியில்தான். மறு ஆண்டு நால்வருக்குக் கையெழுத்தும் இட்டதாகச் சொன்னார். உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அப்போது ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் சொன்னதை இங்கே யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. மரண தண்டனை விதிக்கக்கூடிய நாட்டுக்குத் தகவல் கொடுக்கவும் ஆளை ஒப்படைக்கவும் பல நாடுகளின் சட்டத்தில் இடமில்லை என்று அது எச்சரித்திருந்தது.

வெளிநாட்டு ஒத்துழைப்பு ஏன் தேவை என்பதற்கு, ஹெரோயின் வரும் வழியைப் பாருங்கள். ஆப்கானிஸ்தான் அபினியிலிருந்து எடுக்கப்படும் சரக்கு, ஈரான், பாகிஸ்தான் நாடுகளின் மக்ரான் கரையில் படகேறுகிறது. நடுக்கடலில் நம் நெடுநாள் மீன்பிடிப் படகுகளுக்குக் கைமாறித் தெற்குக் கரையில் இறங்குகிறது. ஆழ்கடலில் வேறு நாட்டுக் கொடி பறக்கும் படகைச் சோதிக்க வேண்டுமென்றால், 1988ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். சம்மதம் வருவதற்குள் சரக்கு கைமாறிவிடலாம். ஆட்டுவிக்கிறவர்களோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். கண்டியில் பிடிபடுகிறவன் பொட்டலம் விற்கிற பையன். 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்கிறது நம் சட்டம்.

ஒத்துழைப்பு கிடைத்தபோதும் நாம் அதைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. போதைப்பொருள் கடத்தல் கும்பலின் தலைவன் மாகந்துரே மதூஷ் 2019 பெப்ரவரியில் துபாயில் கைதாகி, மே மாதம் இங்கே அனுப்பப்பட்டான். 2020 ஒக்டோபரில், பொலிஸ் காவலில் இருந்தபோதே மாளிகாவத்தையில் சுடப்பட்டு இறந்தான். அவனிடமிருந்து வெளிவந்திருக்க வேண்டிய பெயர்களும் பணத்தின் வழிகளும் அவனோடு போயின. காவலில் இருப்பவனைக்கூட உயிரோடு நீதிமன்றத்தில் நிறுத்த முடியாத நாட்டை மற்ற நாடுகள் எப்படி நம்பும்?

கண்டி போகம்பரைச் சிறையின் தூக்குமேடை நம் ஊர் மூத்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சிறைக் கைதிகள் பல்லேகலைக்குப் போய்விட்டார்கள். 1976க்குப் பிறகு நாட்டில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. உள்ளூரில் எவனையும் அச்சுறுத்தாத இந்தத் தண்டனை, வெளிநாடுகளில் நமக்கு உதவி கிடைக்கும் வழியை மட்டும் அடைக்கிறது.

ஆகவே, கடிதம் எழுதிய தாய்மாரே, தந்தையரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் தூக்கைக் கேட்காதீர்கள். போதைப்பொருள் குற்றங்களுக்கான மரண தண்டனையைச் சட்டத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் பதுங்கியிருப்பவர்களைக் கொண்டுவந்து, உயிரோடு விசாரிக்கச் சொல்லுங்கள்.