உள்ளே இன்னா கீது?

எனக்கு ஒரு வியாதி உண்டு. செகண்ட்ஹேண்ட் எலெக்ட்ரானிக்ஸ் சாமானைப் பார்த்தால் கை அரிக்கும். போன மாசம் ரிச்சி தெருவில் ஒரு பழைய ஆஸிலாஸ்கோப் கண்ணில் பட்டது. மின்சாரம் ஆடுகிற ஆட்டத்தைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி.

"மிலிட்டரி மால் சார். உள்ளே யாரும் கை வெக்கல" என்றார் கடைக்காரர்.

அந்தத் தெருவில் பாதி சாமான் மிலிட்டரியிலிருந்து வந்தது. மீதிப் பாதி நாஸாவிலிருந்து.

நாலாயிரம் சொன்னார். மூவாயிரத்து எழுநூறுக்கு முடித்து, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் ரயில் ஏறினேன். 1985-ல் தீயில் போன மூர் மார்க்கெட் இருந்த இடம். பழைய சாமான் பித்துப் பிடித்த அத்தனை ஆவிகளும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று என்னோடு பெரம்பூரில் இறங்கிவிட்டது.

"ஹால்ல மட்டும் வெக்காதீங்க" என்றாள் மனைவி. வேறெதுவும் கேட்கவில்லை. பழகிவிட்டது.

மொட்டை மாடியில் ஸ்க்ரூவைக் கழற்றினேன். முதலில் ஒரு கரப்பான், குடும்ப சகிதம். அப்புறம் பல்லி முட்டை ஓடு. இதெல்லாம் விலையிலேயே அடக்கம். ஆனால் சர்க்யூட் போர்டின் ஒரு மூலையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டுப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

"தம்பி! கையை எடு!"

எதிர் வீட்டுப் பெரியவர். ஐ.சி.எஃப்.பில் எலெக்ட்ரிகல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பெரம்பூரில் தடுக்கி விழுந்தால் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் வாசலில்தான் விழவேண்டும். அவர் மாடியேறி வந்து முதலில் கேட்டது, "பிளக்கைப் புடுங்கி எவ்ளோ நேரம் ஆச்சு?"

"இப்பத்தான் சார்."

"அப்ப கண்டென்சர்ல வோல்டேஜ் நிக்குது. பிக்சர் டியூப் பக்கம் ஆயிரக்கணக்கில இருக்கும். கரண்ட் போயிடுச்சுன்னு நீ நினைப்ப. அது நினைக்காது."

பிறகு உப்பைப் பார்த்தார். செட்டிங்குகளை ஞாபகம் வைத்துக்கொள்வதற்காகப் போர்டில் ஒரு சின்ன நிக்கல் கேட்மியம் பேட்டரி இருக்கிறது. வயசானால் கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு, கடுமையான காரம். செப்புக் கோடுகளைத் தின்றுவிட்டு, காற்றுப் பட்டு வெள்ளைப் பொடியாகக் காய்ந்து கிடக்கும். கூடவே கேட்மியம், அது விஷ உலோகம். கையுறை போட்டு, பேட்டரியை வெட்டி எடுத்து, கொஞ்சம் வினிகரால் காரத்தை முறித்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவிக் காயவைத்தோம்.

"இதாவது கண்ணுக்குத் தெரியுது" என்றார் பெரியவர். பழைய எண்ணெய்க் கண்டென்சர்களில் சிலவற்றில் பி.சி.பி. என்ற ரசாயனம் இருக்கும். 1979-ல் அமெரிக்கா அதன் தயாரிப்பைத் தடை செய்தது. பார்த்தால் சாதாரண எண்ணெய். சில பவர் டிரான்ஸிஸ்டர்களில் பெரிலியம் ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பீங்கான். முழுசாக இருக்கும்வரை சாது. உடைத்துப் பொடியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு ஆயுள் தண்டனை.

"மாயாபுரி ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் காமா செல் என்று ஒரு ஆராய்ச்சிக் கருவி. உள்ளே கோபால்ட்-60. எண்பதுகளின் நடுவிலிருந்து யாரும் தொடவில்லை. இடத்தை அடைக்கிறதே என்று 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு இரும்பாக ஏலம் விட்டார்கள். மாயாபுரி பழைய இரும்பு மார்க்கெட்டுக்குப் போனது. ஈயத்துக்கு நல்ல விலை என்று பிரித்தார்கள். உள்ளே பளபளவென்று உலோகத் துண்டுகள். ஒரு துண்டை ஒருவர் பர்ஸில் வைத்துக்கொண்டு நடமாடினார்.

கோபால்ட்-60 ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இருபத்தைந்து வருஷத்தில் கிட்டத்தட்ட 27-ல் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மிச்சம் போதுமாக இருந்தது. தோல் கறுத்து, முடி கொட்டி, ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்தார்கள். ஏப்ரலில் ஒரு தொழிலாளி செத்துப் போனார்.

பிரேசிலில் கோயானியா நகரத்தில் 1987-லேயே இதே கதை நடந்தது. கைவிட்ட ஆஸ்பத்திரிக் கருவியை உடைத்தார்கள். உள்ளே இருட்டில் நீலமாக மின்னிய சீசியம் பொடி. அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு வீடு பங்கு போட்டார்கள். நாலு பேர் போனார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதிக்க வேண்டி வந்தது.

இரண்டு ஊரிலும் கருவியை வாங்கியவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். உபயோகித்தவர்களுக்கும் தெரியும். கடைசியில் சுத்தியலோடு திறந்தவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சாமான் கை மாற மாற விலை குறைகிறது. விஷயமும் கூடவே குறைகிறது.

கழுவிய போர்டில் அறுந்த மூன்று கோடுகளுக்கு ஒயர் வைத்துப் பற்றவைத்தோம். ஸ்விட்ச் போட்டதும் பச்சைக் கோடு வந்தது. பெரியவர் கைதட்டினார். நான் கரப்பானுக்கு நன்றி சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பழைய சாமான் வண்டி. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன்.

"அண்ணே, பழைய பேட்டரி, ஒயர் எதுனா கீதா?"

கையில் அந்த பேட்டரி. கொடுத்தால் தொல்லை விட்டது. ஐந்து ரூபாய்கூடக் கிடைக்கும். சாயங்காலம் ஏதோ ஒரு ஷெட்டில் அவன் அதைச் சுத்தியலால் தட்டுவான்.

"இல்லப்பா" என்றேன். டேப் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் போட்டு, இ-வேஸ்ட் எடுக்கிற இடத்துக்கென்று எடுத்து வைத்தேன். ஸ்கோப்பின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 'பேட்டரி கசிந்தது, எடுத்தாச்சு. டியூப்பில் ஹை வோல்டேஜ். திறக்குமுன் காத்திருக்கவும்.' எனக்கப்புறம் திறக்கப் போகிறவனுக்கு.

மனைவி படித்துப் பார்த்தாள்.

"இதே மாதிரி ஒண்ணு உங்க முதுகுலயும் ஒட்டியிருக்கலாம். எங்க அப்பா பார்த்திருப்பார்."